உப்பளத்துக்குப் பனி என்று பெயர் வைத்தோம்

எங்கள் பழைய கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிவேதா போன மாதம் போன் செய்தாள். பல வருட இடைவெளிக்குப் பிறகு கம்பெனி மறுபடியும் ஒரு கோல்ஃப் வீடியோ கேம் தயாரிக்கப் போகிறதாம். ஆடுகிறவர்களே சொந்தமாக மைதானம் வரைந்து மற்றவர்கள் ஆடக் கொடுக்கும் வசதியை அதில் வைக்கலாமா, வைத்தால் வியாபாரம் கெடுமா என்று மேலே விவாதம் நடக்கிறது. "நீங்க இருந்தப்போ என்ன ஆச்சுன்னு ஒரு பாரா எழுதிக் குடுங்க மேடம், போதும்" என்றாள். வேலைக்காலம் முழுக்க நடைமுறைக் குறிப்பு எழுதியே சம்பளம் வாங்கியவளிடம் ஒரு பாரா கேட்கிறாள். அவளுக்கு எழுதியதையே, கோல்ஃப் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி நீட்டி இங்கே தருகிறேன்.

கோல்ஃப் தெரியாதவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் அந்த மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஓய்வுபெற்று, சொந்த ஊரான மரக்காணத்துக்கே திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். கம்ப்யூட்டரில் பந்து உருட்டும் வேலை என்றேன். "அதுக்கு பென்ஷன் குடுக்குறானா?" என்றார். இல்லை என்றேன். "அதானே" என்று திருப்தியாகப் போய்விட்டார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுச்சேரியில் கணிதம் படித்தேன். கொஞ்ச காலம் டியூஷன் எடுத்தேன். பிறகு சென்னையில் விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலை. முதலில் கார் பந்தயம். சுவரில் மோதிக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம். அப்புறம் கோல்ஃப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் கிருபாகரன் இருந்தார்.

கிருபாகரன் கோயம்புத்தூர்க்காரர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் தன் தவறைத் தானே கண்டுபிடித்துவிடுவார். டீயைப் பாதி குடித்துவிட்டு மறந்துவிடுவார், ஆறிய பிறகு நினைவு வந்து அதையும் குடிப்பார். எந்த மைதானம் சோதனைக்கு வந்தாலும் அவர் கடைசிக் குழியில்தான் ஆரம்பிப்பார். எங்கள் விளையாட்டில் ஆடாமல் சும்மா நடந்து பார்க்கும் வசதி ஒன்று இருந்தது. அதில் கொடிக்கம்பத்தில் தொடங்கிப் பின்னோக்கி நடப்பார், முதல் பந்தை அடிக்கும் இடம் வரைக்கும். முன்னோக்கிப் போனால் வரைந்தவன் காட்ட விரும்பியதைத்தான் பார்ப்போம், அவன் மறைத்தது திரும்பி வரும்போதுதான் தெரியும் என்பது அவர் கட்சி. மேட்டின் பின்பக்கம் புல் ஒட்டாமல் இருப்பது, மரத்துக்குப் பின்னால் தரையே இல்லாமல் இருப்பது எல்லாம் அப்படித்தான் அகப்பட்டன.

அவருக்குப் பிறகுதான் என் வேலை. குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புல்தரையில் கட்டம் கட்டமாகப் பந்தை வைத்து, அது நிற்கிறதா, தானாக உருள்கிறதா என்று பார்ப்பேன். விளையாட்டிலேயே மிக பலவீனமான ஆட்டக்காரனை எடுத்துக்கொண்டு, ஆகக் கடைசி மட்டையைக் கொடுத்து, அவனாலும் ஒரு சுற்று முடிக்க முடிகிறதா என்று ஆடுவேன். பிறகு எல்லைக்கோடு. பிறகு பெயர், சின்னம். பின்னால் ஆடுகிறவர்களே வரையத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பெரிய கிளப்புகளின் மைதானத்தை அப்படியே பார்த்து வரைந்திருந்தால் நிராகரிப்பு, ஏனென்றால் அந்த கிளப்புகளுக்கு நாங்கள் உரிமத்தொகை கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. விளையாட்டை ஒருமுறை விற்போம். அப்புறம் பேர்பெற்ற மைதானங்களை ஒவ்வொன்றாகத் தனி விலைக்கு விற்போம்.

அந்த ஏற்பாட்டுக்கு நடுவில் எடிட்டர் வந்தது. மைதானம் வரைகிற கருவி. இலவசம். ஒரு விளம்பரக் கவர்ச்சிக்காகச் சேர்த்ததுதான், யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. மழைக்குப் பின் ஈசல் மாதிரி மைதானங்கள் வரத் தொடங்கின. முக்கால்வாசி குப்பை. டைனோசர் வாய்க்குள் குழி, குழியே இல்லாத மைதானம், மனைவியின் பெயரை மணலில் எழுதிய மைதானம். மிச்சம் இருந்த கால்வாசியில் சில, நாங்கள் விலைக்கு விற்றவற்றைவிட நன்றாக இருந்தன. ஆடுகிறவர்களுக்கு அது சீக்கிரம் புரிந்துவிட்டது.

விற்பனைப் பிரிவுத் தலைவர் கூட்டம் போட்டார். நாகரிகமான மனிதர், கூட்டத்துக்கு பிஸ்கட் கொண்டுவருவார். "அவங்களே வரைஞ்சி அவங்களே ஆடிக்கிட்டிருந்தா, நாம வாங்கி வச்ச மைதானத்த யார் வாங்குவா? அடுத்த வருஷம் புது கேம் போட்டா அத யார் வாங்குவா? பழசுலதான் எல்லாம் இருக்குதே" என்றார்.

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றினார். "வரையறத நிறுத்திட்டா இந்த வருஷமே யாரு சார் இருப்பா?"

இரண்டு பேர் சொன்னதும் சரி. இது நிவேதாவுக்கு நான் எழுதிய முதல் வரி. ஆடுகிறவர்களின் மைதானங்கள்தான் எங்கள் விளையாட்டைச் சாகாமல் வைத்திருந்தன. அடுத்த விளையாட்டைப் பிறக்கவிடாமல் வைத்திருந்ததும் அவைதான்.

அந்தச் சமயத்தில்தான் 'உப்பளம்' சோதனைக்கு வந்தது. ஆங்கில எழுத்தில் அப்படித்தான் பெயர் போட்டிருந்தது. தானியங்கிச் சோதனை அதை நாலாவது குழியில் தோற்கடித்து, வழக்கத்துக்கு மாறாக நேரே என் மேசைக்கு அனுப்பியிருந்தது. பந்து நிற்கவேண்டிய நேரத்துக்குள் நிற்கவில்லை என்பது குற்றச்சாட்டு. திறந்து பார்த்தேன். சதுரம் சதுரமாகப் பாத்திகள். நடுவே வரப்புகள், பந்தை அடித்துக்கொண்டு போகவேண்டிய வழி அவைதான். ஓரமாக வெள்ளைக் குவியல்கள், சிலவற்றின் மேல் மழைக்குப் போடும் கீற்று. தூரத்தில் பனைவரிசை, அதற்கப்பால் ரோடு. நான் அலுவலக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்தாவது படிக்கும்வரை எங்கள் ஊர் பஸ் ஜன்னலில் தினமும் பார்த்த இடம்.

நாலாவது குழியில் பந்தை வரப்பில் அடிக்காமல் வேண்டுமென்றே முதல் பாத்தியில் விட்டேன். அது மெல்ல நகர்ந்து மடை வழியே அடுத்த பாத்திக்குப் போயிற்று. அங்கிருந்து அடுத்தது. உப்புத்தண்ணீர் பாத்தி மாறிப் போகிற அதே வழியில், அதே சோம்பலோடு போய்க் கடைசிப் பாத்தியின் ஓரத்தில், குழிக்குப் பக்கத்தில் நின்றது. வரைந்தவர் தண்ணீரை வரையவில்லை. தண்ணீர் நிறத்தில் கெட்டித்தரை போட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வு கொடுத்திருந்தார். விதியை எடுத்துப் படித்தேன். 'காரணமின்றிப் பந்து தொடர்ந்து உருளக் கூடாது' என்று இருந்தது. இங்கே காரணம் இருக்கிறது என்று எழுதி, தேர்ச்சி கொடுத்தேன். கிருபாகரன் பின்னோக்கி நடந்து பார்த்துவிட்டு வந்து, பந்து ஏன் அப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அன்று டீயைச் சூடாக இருக்கும்போதே குடித்துவிட்டு, இன்னொரு முறை நடக்கப் போனார்.

அப்புறம்தான் அபத்தம். வெளியாகும் மைதானங்களை ரகம் பிரித்து அடுக்க ஒரு நிரல் இருந்தது. பனியைக் கண்ணால் பார்த்திராத மூன்று சென்னைப் பிள்ளைகள் எழுதியது. தரையில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் அது பனி. உப்பளம் போய்ப் 'பனிக்கால மைதானங்கள்' வரிசையில் உட்கார்ந்துகொண்டது. உப்புக்கு என்று ஒரு ரகம் சேர்க்கச் சொல்லி முறைப்படி விண்ணப்பித்தேன். அந்த ரகத்தில் ஒரே ஒரு மைதானம்தான் இருக்கும் என்று பதில் வந்தது. உண்மைதான்.

குளிர் நாடுகளில் நிஜ மைதானங்கள் பனியில் மூடிக்கிடக்கும் மாதங்களில் அங்கே இருப்பவர்கள் எங்கள் விளையாட்டைத்தான் ஆடுவார்கள். அவர்கள் உப்பளத்தைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு வறண்ட பனியை எங்கும் பார்த்ததில்லை என்று ஒருவர் பாராட்டி எழுதினார். இந்த உப்பளம் என்பது எந்த மலைமேல் இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். கீற்று மூடிய குவியல்கள் வேட்டைக்காரர்களின் குடில்கள் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. பனைமரங்களைப் பற்றி மட்டும் அபிப்பிராய பேதம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அதிகம் ஆடப்பட்ட மைதானம் அதுவாக இருந்தது.

வரைந்தவரிடமிருந்து புகார் வந்தது. ரகத்தை மாற்றச் சொல்லி. தமிழில் இருந்ததால் என்னிடம் தள்ளினார்கள். போன் செய்தேன். பெயர் ரஃபி, ஊர் கோட்டக்குப்பம், எங்கள் பக்கம்தான். சவூதியில் ஏசி மெக்கானிக்.

"அது பனி இல்லீங்க மேடம், உப்பு. ஊர்ல யாருனா பாத்தா சிரிப்பாங்க."

நான் மரக்காணம் என்றதும் மேடம் அக்காவாகிவிட்டது. அவருடைய அத்தா உப்பு லோடு லாரி ஓட்டினவர். பள்ளி விடுமுறைகளில் லாரி மேலே உட்கார்ந்து, லோடு ஏறும்வரை பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். சவூதியில் ஒரு பெரிய குடியிருப்பின் கிளப்பில் ஏசி பராமரிப்பு. ஏசிப் பெட்டிகள் மொட்டைமாடியில். அங்கிருந்து பார்த்தால் கீழே பாலைவனத்தில் தண்ணீர் ஊற்றி வளர்த்த கோல்ஃப் மைதானம் முழுசாகத் தெரியும். உள்ளே போக அவருக்கு அனுமதியில்லை. ஊருக்குப் போன அறைத்தோழர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய கேம் பெட்டியில் எங்கள் விளையாட்டு இருந்தது. மேலிருந்து பார்த்தே மைதானத்தின் இலக்கணம் தெரிந்திருந்ததால் எடிட்டர் அவருக்குக் கஷ்டமாக இல்லை.

"நீங்க நல்லா ஆடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா ஆடுறது? வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி சாப்ட்டு வந்து, சும்மா அதுல ஒரு ரவுண்டு நடப்பேன். அவ்ளோதான்."

ரகத்தை மாற்ற முடியாத காரணத்தை நடைமுறைப்படி விளக்கினேன். பெரிய மனது பண்ணிப் பனியாகவே இருக்க ஒப்புக்கொண்டார்.

விற்பனைப் பிரிவுத் தலைவர் சும்மா இருக்கவில்லை. இலவச மைதானங்களை ஜெயிக்க முடியாவிட்டால் விலைக்கு வாங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. முதல் கொள்முதலாக உப்பளத்தைத் தேர்ந்தெடுத்தார். குளிர்காலத் தொகுப்பாக விற்க வேண்டும். பனைமரங்களை எடுத்துவிட்டு ஊசியிலை மரங்கள், கீற்றுக் குவியல்களுக்குப் பதில் நிஜமாகவே குடில்கள், மடைகள் உறைந்த ஓடைகள். பெயரும் மாறும். இலவசமாக இருப்பதை நீக்கிவிட வேண்டும்.

ஒப்பந்தத்தை ரஃபிக்குத் தமிழில் விளக்கும் பொறுப்பு எனக்கு. அதற்குமுன் கிருபாகரன் வாங்கிப் படித்தார், கடைசிப் பக்கத்திலிருந்து. வரைந்தவர் தன்னிடமுள்ள பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனை கடைசிக்கு முந்தின பத்தியில் இருந்தது. அவருக்கு மட்டும் ஒரு பிரதி இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிருபாகரன் மூன்று கூட்டங்களில் வாதாடினார். அந்த ஒரு பிரதி மறுபடியும் ஏற்றப்பட்டால் தொகுப்பை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்பது பதில். கிருபாகரன் அன்று கண்ணாடியைக் கழற்றவில்லை.

நான் ஒவ்வொரு நிபந்தனையாகப் படித்துச் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் மைதானம் அவருடையது இல்லை, அதில் நடக்க முடியாது, விலைக்கு வாங்கினாலும் அது உப்பளமாக இருக்காது. ரஃபி கடைசி நிபந்தனைவரை கேட்டார்.

"இந்தக் காசு வந்தா கோட்டக்குப்பத்துல கடைக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்க்கா. ஏசி சர்வீஸ் கடை. அப்புறம் இங்க எனக்கு வேலயில்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"என்னாக்கா யோசிக்கிறது. இத வித்தாத்தான் அங்க வர முடியும்னா வித்துட வேண்டிதான். நேராவே வந்துட்டா அப்புறம் இது எதுக்கு?"

பிறகு, எந்தக் கிழமை எடுப்பீர்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். எத்தனை மணிக்கு என்றார். ஒரு மைதானத்தை நீக்க மூன்று ஒப்புதல் வேண்டும், கடைசி ஒப்புதல் என்னுடையது, அது நம் ஊர் நேரப்படி பிற்பகலில் இருக்கும் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலில் கிருபாகரன் என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நீக்குவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எந்த நடைமுறையிலும் இல்லை. கடைசிக் குழியில் தொடங்கிப் பின்னோக்கி நடந்தோம். முக்கால் தூரம் வந்ததும், மடைகள் இருக்கும் நாலாவது குழிப் பக்கம், வரப்பின் மேல் ஓர் உருவம் வந்துகொண்டிருந்தது. நெட் வழியாக உள்ளே வேறு யாரோ வந்திருக்கிறார்கள். கையில் மட்டை இல்லை. நடந்து பார்க்கும் வசதியில் வந்திருந்தார். பெயரைத் தட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அங்கே ஜும்மா முடிந்திருக்கும்.

அந்த உருவம் அவசரப்படவில்லை. ஒரு வரப்பின் கோடிவரை போய்த் திரும்பி அடுத்த வரப்பில் வந்தது. குவியல்களைச் சுற்றியது. பனைவரிசைக்குப் பக்கத்தில் போய் ரோட்டைப் பார்த்து நின்றது. எங்கள் உருவம் அவர் கண்ணில் பட்டிருக்கும். கிட்டே வரவில்லை. கிருபாகரன் எங்கள் ஆளை ஒரு குவியலுக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்தச் சொன்னார்.

விற்பனைப் பிரிவிலிருந்து இன்னும் நீக்கவில்லையா என்று போன் வந்தது. கிருபாகரனே எடுத்தார். "உள்ள ஆள் இருக்கு சார். ஆள் இருக்கும்போது எடுக்கறதில்ல" என்றார். அப்படி ஒரு விதி கிடையாது. இருந்தாலும் அவர்கள் எங்கள் விதிகளைப் படித்ததில்லை.

காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் வரப்பின் மேல் நின்றபடியே அந்த உருவம் மறைந்தது, வெளியேறிவிட்டார். கிருபாகரன் எழுந்து நாற்காலியை அதன் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். "சரி வசந்தா மேடம், எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

குளிர்காலத் தொகுப்பு நன்றாக விற்றது. அதன் பின்விளைவுதான் யாரும் எதிர்பாராதது. ஒரு மைதானத்தை கம்பெனி விலைக்கு வாங்கும் என்று தெரிந்ததும் எல்லாரும் விலைக்கு வரையத் தொடங்கினார்கள். வாங்கியது பனியைத்தான் என்பதால் பனியாக வரைந்தார்கள். எடிட்டரில் வெள்ளையைத் தவிர வேறு நிறம் இல்லாததுபோல் வந்து குவிந்தன. குடில்கள், ஊசியிலை மரங்கள், உறைந்த ஓடைகள். எல்லாம் சோதனையில் தேறின. எதிலும் இரண்டாம் முறை நடக்கத் தோன்றவில்லை. டைனோசர் வாயும் மனைவி பெயரும் போன இடம் தெரியவில்லை. ஒழுங்காக வரைந்துகொண்டிருந்தவர்கள், நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தான் எடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு விலகினார்கள். அவர்கள் மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் பின்னாலேயே போனார்கள். அடுத்த விளையாட்டில் எடிட்டரையே எடுத்துவிட்டோம், கிளப் மைதானங்கள் மட்டும். பழைய மைதானம் எதையும் அதற்குள் கொண்டுபோக முடியாது. அதை வாங்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. கோல்ஃப் பிரிவு மூடப்பட்டது. கிருபாகரன் கோயம்புத்தூர் போனார். நான் கொஞ்ச காலம் வேறு விளையாட்டுகளில் மறுபடியும் சுவரில் மோதிவிட்டு ஓய்வு பெற்றேன்.

நிவேதாவுக்கு எழுதினேன்: எடிட்டரை வையுங்கள். ஆனால் ஒருவர் வரைந்ததை எந்தக் காரணத்துக்காகவும் அவரிடமிருந்து எடுக்காதீர்கள், வாங்கினாலும் ஒரு பிரதி அவரிடமே இருக்கட்டும். இந்த விளையாட்டில் வரைந்தது அடுத்ததற்குள்ளும் போகும்படி இப்போதே செய்யுங்கள். அடுத்ததை அதற்காகவே வாங்குவார்கள். இதைத் தர்மத்துக்காகச் சொல்லவில்லை, வியாபாரத்துக்காகத்தான் சொல்கிறேன் என்றும் சேர்த்தேன். இல்லாவிட்டால் மேலே படிக்க மாட்டார்கள்.

போன வாரம் என் வீட்டு ஏசி நின்றுவிட்டது. கடலோரத்தில் வெளிப்பெட்டி சீக்கிரம் அரித்துவிடும். ரஃபிக்குத்தான் போன் செய்தேன், எப்போதும் அவர்தான் வருவார். கடை நன்றாகப் போகிறது. மரக்காணம் வரைக்கும் வாடிக்கை. மொட்டைமாடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அங்கிருந்து உப்பளம் தெரியும். வாரிக்கொண்டிருந்தார்கள்.

புது விளையாட்டு வரப்போகும் செய்தியைச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உப்பளத்தைப் பார்த்தார்.

"ரோட்ல போவும்போது பாத்துக்கினுதான் போறேன்க்கா. எறங்கி நடக்கலாம்னா, யாருப்பா நீ, என்னா வேணும்னு கேக்குறான். அவன் சொல்றதும் நாயந்தானே, அவன் எடம். கேம்ல ஒருத்தனும் கேக்க மாட்டான்." பிறகு கேட்டார்: "எடிட்டர் வருதா?"

இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

"வந்தா சொல்லுங்க. ஒண்ணு வரையணும்."

"மறுபடியும் உப்பளமா?"

"அது எதுக்குக்கா, தோ இருக்குது." ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடுக்கினார். "சவூதில நாங்க தங்கியிருந்த கேம்ப். பின்னால ஒரு பெரிய பொட்டலு இருக்கும், தண்ணி டேங்க் இருக்கும். மெஸ் வாசல்ல ஸ்டார்ட் பண்ணா, ரூமுங்களச் சுத்திக்கினு அப்படியே போலாம். அங்க இருக்கும்போது எப்படா விட்டுப் போவோம்னு இருந்துச்சி. இப்போ வெள்ளிக்கிழமயானா அந்த மெஸ்ஸு வாசன மூக்குல வருது. பொண்டாட்டிகிட்ட சொன்னா திட்டுறா."

கடைசிக் குழி எங்கே என்று கேட்டேன்.

"கேட்டாண்ட. அங்கதான் டவர் எடுக்கும். சாயந்தரம் எல்லாரும் அங்க வந்து நின்னுதான் வீட்டுக்குப் பேசுவோம்."

கேட்டுப் பக்கம் இடம் போதுமா, குழியைச் சுற்றி இவ்வளவு அகலம் வேண்டும் என்று விதி இருக்கிறது என்றேன். அவர் யோசித்துப் பார்த்தார்.

"போதும்க்கா" என்றார். "கேம்ப் மொத்தமும் அங்கதானே நிப்போம்."